‘லா சேர்வா பத்ரோனா’: கேட்கலாமா, மேடையேற்றலாமா?

இத்தாலிய நகைச்சுவை ஓபராவைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் கையில் வழக்கமாகத் திணிக்கப்படுவது மொஸார்ட்டின் ‘ஃபிகாரோ’. பதினோரு பாத்திரங்கள், நான்கு அங்கங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். பழகியவர்களுக்கு அது விருந்து. புதியவர்களுக்கோ, இரண்டாம் அங்கம் முடிவதற்குள் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதே குழம்பிப்போகும். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நேப்பிள்ஸில் வந்த ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. ஜொவான்னி பத்திஸ்தா பெர்கோலெசி இசையமைத்து, 1733 செப்டம்பர் 5 அன்று சான் பர்தொலொமேயோ அரங்கில் ஏறிய ‘லா சேர்வா பத்ரோனா’, அதாவது ‘எஜமானியான வேலைக்காரி’. பாடுகிறவர்கள் இரண்டே பேர். வாயே திறக்காத வேலைக்காரன் ஒருவன். மொத்தம் சுமார் 45 நிமிடம். தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் எல்லாப் பதிப்பும், எல்லா நிகழ்ச்சியும் ஒரே தரம் அல்ல.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தனி நாடகமாக எழுதப்பட்டதே அல்ல. அதே பெர்கோலெசியின் ‘இல் ப்ரிஜொனியேர் சூபெர்போ’ என்ற கனமான மூன்று அங்க ஓபராவின் இடைவேளைகளில் ஆட எழுதிய இடைநாடகம். இத்தாலியர் இன்டர்மெட்சோ என்பார்கள். மூன்று அங்கத்துக்கு நடுவே இடைவேளை இரண்டு, அதனால் இதுவும் இரண்டு பகுதி. பெரிய ஓபராவில் அரசர்கள், சிறைப்பட்ட வீரர்கள், சபதங்கள். அங்கம் முடிந்ததும் இங்கே சாக்லேட் பானம் வரவில்லையே என்று ஒரு கிழவர் கத்துகிறார். பெரிய ஓபராவை இன்று யாரும் தேடுவதில்லை. இடையில் செருகியது மட்டும் நின்றுவிட்டது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது.

இடையில் செருகிய சரக்கு என்பதால் இதற்கென்று தனி முன்னிசை கிடையாது. கூட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, பிறகு எதற்கு முன்னிசை? இன்று தனி நிகழ்ச்சியாக ஆடும்போது, தொடக்கத்தில் ஏதாவது வேண்டுமே என்று வேறு எங்கிருந்தோ ஒரு துண்டை எடுத்து ஒட்டுகிறார்கள். மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் மன்னிக்கலாம். ஆனால் முதல் ஆரியாவே, அதாவது முதல் தனிப்பாடலே, போதுமான தொடக்கம். சாக்லேட்டுக்குக் கத்தும் அந்த எஜமான் உபெர்த்தோ பாடுவதன் சாரம் இது: காத்திருந்தும் ஆள் வராதது, படுத்தும் தூக்கம் வராதது, நன்றாக உழைத்தும் நல்ல பெயர் வராதது, இந்த மூன்றும் உயிர் போகும் சமாச்சாரம். அரை நிமிடத்தில் பாத்திரம் முழுதாகத் தெரிந்துவிடுகிறது. இதற்கு முன்னால் பத்து நிமிட வயலின் கச்சேரி வைக்கிறவர்கள் அந்த வேகத்தைக் கொன்றுவிடுகிறார்கள்.

ஜென்னாரோ அந்தோனியோ ஃபெதெரிகோ எழுதிய கதையில் புதுமை ஒன்றும் இல்லை. வேலைக்காரி எஜமானை மடக்கிக் கல்யாணம் செய்துகொள்வது அப்போதே பழைய கதை. 1708-லேயே வெனிஸில் அல்பினோனியின் ‘பிம்பினோனே’ இதே பாதையில் போயிருந்தது. இங்கே வேலைக்காரி செர்பினா, வாய் திறக்காத வேலைக்காரன் வெஸ்போனேயை முரட்டுப் படைத்தலைவன் ‘தெம்பெஸ்தா’வாக வேஷம் கட்டிக் கூட்டிவந்து, இவர்தான் என்னைக் கட்டப்போகிறவர் என்கிறாள். சீதனம் 4000 ஸ்கூதி நாணயம் வேண்டுமாம். தராவிட்டால் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டுமாம். அவ்வளவுதான் கதை. உபெர்த்தோவுக்குள் ஆசை ஏற்கெனவே இருக்கிறது, அவருக்குத் தேவை ஒரு சாக்கு மட்டுமே. இதைப் புரிந்துகொண்டு ஆடும் குழுவும், அவரை வெறும் ஏமாளியாக்கும் குழுவும் வேறு வேறு நாடகங்களை ஆடுகின்றன. முதலாவதுதான் பார்க்கத் தக்கது.

இசைக்கு வருவோம். ஒவ்வொரு பாட்டையும் அளக்க வேண்டியதில்லை, நான்கு இடங்களைக் கேட்டாலே ஒரு பதிவின் தரம் தெரிந்துவிடும். முதலாவது, உபெர்த்தோவின் இரண்டாவது ஆரியா ‘செம்ப்ரே இன் கொன்த்ராஸ்தி’. இங்கே, அங்கே, மேலே, கீழே, ஆமாம், இல்லை என்று சொற்கள் பந்தாடும். குரலும் அதற்கேற்பத் தாவும். பாடகர் ஒவ்வொரு தாவலையும் வீரசாகசமாகக் காட்டினால் தோல்வி. எரிச்சலில் வார்த்தை தட்டுத் தடுமாறுவதுபோல் வர வேண்டும். இரண்டாவது, செர்பினாவின் ‘ஸ்தித்ஸோஸோ’. “சிடுமூஞ்சி ஐயா, முறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, உஸ், வாயைத் திறக்கக் கூடாது, செர்பினா சொன்னால் சொன்னதுதான்” என்கிற அதட்டல். இதில் அந்த ‘உஸ்’ கூர்மையாக, சின்னதாக விழ வேண்டும். இழுத்துப் பாடும் பாடகி எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் இந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தம் இல்லை.

மூன்றாவது இடம்தான் பெர்கோலெசியின் கெட்டிக்காரத்தனம் முழுதும் தெரிகிற ஆரியா, இரண்டாம் பகுதியின் ‘ஆ செர்பினா பென்ஸெரேத்தே’. வீட்டை விட்டுப் போகிறேன், என்றாவது இந்தச் செர்பினாவை நினைத்துக்கொள்வீர்களா என்று மெதுவான லார்கெத்தோவில் உருகுகிறாள். சட்டென்று தாளம் வேகமான 3/8 அல்லெக்ரோவுக்கு மாறுகிறது: ஆள் இளகுகிறார் போலிருக்கிறதே என்று நம்மிடம் தனியாகச் சொல்கிறாள். மறுபடி கண்ணீர், மறுபடி கணக்கு. மெதுவான பகுதியை முழு மனதோடு, கேலியின் வாடையே இல்லாமல் பாட வேண்டும். அங்கேயே கண்ணடித்துவிட்டால் வேகமான பகுதிக்கு வேலை இல்லை. பல நிகழ்ச்சிகள் சறுக்குவது இங்கேதான். அழுகையிலேயே சிரிப்பைக் கலந்து, இரண்டையும் பாழாக்கிவிடுகிறார்கள். நான்காவது, ஈ-ஃபிளாட் மேஜரில் உபெர்த்தோ புலம்பும் ‘சொன் இம்ப்ரொல்யாத்தோ’. இது காதலா, இரக்கமா என்று பதறிப் பேசுகிறவர், நடுவே கீழ் ஸ்தாயியில் நீண்ட சுரங்களில் தனக்கே எச்சரிக்கை விடுகிறார்: “உபெர்த்தோ, உன்னைப் பார்த்துக்கொள்.” பதற்றத்துக்கும் அந்த எச்சரிக்கைக்கும் இடையே ஒரு நொடி அசையாத முகம் வேண்டும். கீழ்ச் சுரம் உரக்க வருகிறதா என்பதைவிட அதுதான் முக்கியம்.

ஆனால் காசுக்கு மதிப்பு ஆரியாக்களில் இல்லை. அவற்றுக்கு நடுவே வரும் ரெசிடேட்டிவ் என்கிற வசனப் பாட்டில் இருக்கிறது. சண்டை, பொய், பேரம் எல்லாம் நடப்பது அதில். தாளில் பார்த்தால் குரல் வரியும் கீழே ஒரு பாஸ் வரியும் மட்டுமே. பியானோவுக்கு முந்தைய விசைக் கருவியான ஹார்ப்சிகார்டை வாசிப்பவர் எண் குறிகளைப் பார்த்துத் தாமே சுரக்கூட்டுகளை நிரப்ப வேண்டும். சுர மதிப்புகளை எழுதியபடி எண்ணிப் பாடினால் பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி ஆகிவிடும். இத்தாலியப் பேச்சு வேகத்தில் போக வேண்டும், கோபத்தில் முந்த வேண்டும், பொய் சொல்லும் முன் ஒரு சிறு தயக்கம் வேண்டும். வாக்கிய முடிவில் ஒரே சுரம் இரண்டு தடவை எழுதியிருந்தால் முதல் சுரத்தை ஒரு படி மாற்றிப் பாடுவது அக்கால வழக்கம். அதைத் தெரியாதவர்கள் பாடினால் மரத்தில் செதுக்கியதுபோல் கேட்கும். இன்னொரு தொந்தரவு: ஹார்ப்சிகார்ட்காரர் ஒவ்வொரு கூட்டையும் அலங்காரமாக விசிறிப் பாடகரைக் காக்க வைப்பது. பதிவு வாங்கும்போது முன்னோட்டத்தில் ஆரியாவைக் கேட்காதீர்கள். வசனப் பாட்டு வரும் தடத்தை ஒரு நிமிடம் கேளுங்கள். மொழி தெரியாமலேயே யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று புரிந்தால் அது நல்ல பதிவு. வசனப் பாட்டை வெட்டிவிட்டு ஆரியாக்களை மட்டும் தரும் தொகுப்புகளும் உண்டு. அவற்றைத் தொட வேண்டாம்.

மேடையேற்ற நினைக்கும் சிறு குழுக்களுக்கு இது வரப்பிரசாதம். எழுதப்பட்டிருப்பது தந்திக் கருவிகளுக்கும், ஹார்ப்சிகார்டும் செல்லோவும் தாங்கிப் பிடிக்கும் தொடர் பாஸ் வரிக்கும்தான். குறைந்தபட்சம் வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று, டபுள் பாஸ் ஒன்று, ஹார்ப்சிகார்ட் ஒன்று என்று ஆறு பேர் போதும். கோரஸ் இல்லை, நடனம் இல்லை, மேடை யந்திரம் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கோப்பை, படைத்தலைவனுக்கு ஒரு மீசை. பெரிய ஓபராவின் செலவில் பெரும் பங்கை விழுங்கிய காஸ்த்ராத்தோக்களும், அதாவது சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டு உயர்ந்த குரலில் பாடிய ஆண்களும், இங்கே இல்லை. முதல் மேடையில் உபெர்த்தோவாகப் பாடிய ஜோவாக்கினோ கொர்ராதோ, செர்பினாவாகப் பாடிய லௌரா மொந்தி இருவரும் நகைச்சுவைக்கென்றே அமர்த்தப்பட்டவர்கள். ஒரு பபூன், ஒரு பாடகி, ஒரு இசை நோட்டுக் கட்டு. வண்டியில் ஏற்றினால் அடுத்த ஊர். மிங்கொத்தி சகோதரர்களின் குழுக்கள் போன்றவை ஆல்ப்ஸைத் தாண்டி ஜெர்மன் நகரங்களுக்கு இத்தாலியச் சிரிப்பைக் கொண்டுபோனது இந்த வசதியால்தான்.

இது ஊர் ஊராகப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேப்பிள்ஸின் ஃபியொரெந்தீனி அரங்கில் அந்த ஊர்ப் பேச்சிலேயே முழுநீள நகைச்சுவை ஓபராக்கள் 1709 முதல் நடந்துவந்தன. பெர்கோலெசியே 1732-இல் ‘லோ ஃப்ராத்தே ன்னமொராத்தோ’வை அங்கே தந்தார். அருமையான இசை, ஆனால் அந்தப் பேச்சு ரோமைத் தாண்டினால் பாதி புரியாது. ‘சேர்வா’ பொது இத்தாலியத்தில் இருக்கிறது, கதையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

அந்தப் பயணத்தின் பெரிய நிறுத்தம் பாரிஸ். 1746-இல் அங்கே முதல்முறை ஆடியபோது பெரிய சலசலப்பு இல்லை. 1752 ஆகஸ்ட் 1 அன்று யூஸ்தாக்கியோ பம்பீனியின் குழு அதே நாடகத்தை அரச ஓபரா மேடையிலேயே ஏற்றியதும் ஊர் இரண்டுபட்டது. பிரெஞ்சு இசைதான் உயர்ந்தது என்றவர்கள் அரங்கில் அரசரின் இருக்கை மாடத்துக்குக் கீழே நின்றார்கள், இத்தாலியப் பபூன்களின் பக்கம் பேசியவர்கள் அரசியின் மாடத்துக்குக் கீழே. தத்துவஞானி ரூஸோ இத்தாலியர் பக்கம் எழுதினார். 1754 வரை துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. ஒரு கோப்பை சாக்லேட்டுக்காகத் தொடங்கும் சண்டை நாடகத்துக்கு இவ்வளவு அமளி கொஞ்சம் அதிகம்தான். என்றாலும், கடவுளரும் ராஜாக்களும் பாடிக்கொண்டிருந்த மேடையில் ஒரு வேலைக்காரி வீட்டு மொழியில் அதட்டியது அவர்களை ஏன் உலுக்கியது என்பது நாடகத்தைப் பார்த்தால் புரியும்.

இனிக் குறைகள். முதல் குறை, வயது. செர்பினாவைக் குழந்தையிலிருந்து மகள் மாதிரி வளர்த்தேன் என்று உபெர்த்தோவே சொல்கிறார். பிறகு அவளையே கட்டிக்கொள்கிறார். 1733-இல் கூட்டம் இதைச் சிரித்துக் கடந்திருக்கும். இன்று அந்த வரி திரையில் மொழிபெயர்ப்பாக மின்னும்போது அரங்கு நெளிகிறது. வரியை வெட்டுவதைவிட, செர்பினாவை விவரம் தெரிந்த, கணக்குப் போடத் தெரிந்த பெண்ணாக நடிக்கவைப்பது நல்லது. இளம் பாடகியைச் சிறுமிபோல் உடுத்தி, ரிப்பன் கட்டி அனுப்பும் தயாரிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, திரும்பப் பாடும் பகுதி. ‘செம்ப்ரே இன் கொன்த்ராஸ்தி’யும் ‘ஸ்தித்ஸோஸோ’வும் தா காப்போ அமைப்பில் இருப்பவை: முதல் பகுதி, நடுப்பகுதி, மீண்டும் முதல் பகுதி. சோக ஆரியாவில் திரும்ப வரும்போது பாடகர் கமகங்களைக் கொட்டலாம். நகைச்சுவையில் அதே ஜோக்கை இரண்டாம் தடவை சொல்வதுபோல் ஆகிவிடும். மெட்டை அதிகம் அலங்கரிக்காமல் ஆளை மாற்றுவதே வழி: முதல் தடவை செர்பினாவைப் பார்த்துக் கத்தியவர், இரண்டாம் தடவை பாவம் அந்த வெஸ்போனேயைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒத்திகை நேரம் போதவில்லை என்று திரும்பும் பகுதியையே வெட்டுகிறார்கள். அப்போது ஆரியா நொண்டியடிக்கும்.

மூன்றாவது, வெஸ்போனே. பாட்டு இல்லாத பாத்திரம்தானே என்று கடைசி வாரத்தில் யாரையாவது பிடித்துப் போடுவார்கள். அவரும் தன் பங்குக்குக் குட்டிக்கரணம் அடித்து, பாட்டு நடக்கும்போதெல்லாம் கவனத்தைத் திருடுவார். படைத்தலைவன் காட்சியில் அவன் அசையாமல் முறைக்க வேண்டும். அவன் ‘சொன்னதாக’ செர்பினா எடுத்துச் சொல்லச் சொல்ல, உபெர்த்தோ தானாகவே நடுங்க வேண்டும். அசைவு குறையக் குறையச் சிரிப்பு கூடும். முதல் ஒத்திகையிலிருந்தே வெஸ்போனே இருந்தால் இது வரும்.

சில நடைமுறைத் தகராறுகள். பழைய முறை ஹார்ப்சிகார்ட் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில் சுருதி கூட்டப்பட்டிருக்கும், வயலின்காரர்கள் 440-இல் வருவார்கள். முதல் ஒத்திகைக்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். 415 என்றால் எல்லாமே அரைச்சுரம் இறங்கும்: செர்பினாவுக்கு நிம்மதி, உபெர்த்தோவின் அடிச் சுரங்களுக்குச் சோதனை. மேடை விளக்கின் சூட்டில் ஹார்ப்சிகார்ட் சுருதி நழுவும், ஆகவே இரண்டு பகுதிக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டுச் சரிசெய்வது நல்லது. திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளிலும் கவனம் வேண்டும். முழு வாக்கியத்தையும் ஒரேயடியாகப் போட்டால் பாடகர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கூட்டம் சிரித்துவிடும். ஜோக் விழும் இடத்தில் வரியை உடைத்து, அடுத்த பாதியை அந்தச் சொல்லோடு சேர்த்துப் போட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் விளக்கை அணைக்காத அரங்கில், அச்சடித்த புத்தகத்தைக் கையில் வைத்து வேண்டியபோது பார்த்துக்கொண்டார்கள். அந்த முறையில் இந்தத் தொல்லை இல்லை; தாளில் அச்சடித்துக் கொடுத்து விளக்கைச் சற்று மங்கலாக வைப்பது இன்றும் நன்றாகவே வேலை செய்யும்.

இசை நோட்டு வாங்குவது சுலபம். பெர்கோலெசி 1736-இல் 26 வயதில் இறந்துவிட்டார். இசைக்கு உரிமைத் தொகை கிடையாது, பழைய அச்சுகள் இணையத்தில் இலவசம். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் பியானோச் சுருக்கங்கள் சிலவற்றில் பிற்காலத்து ஆசிரியர்கள் தடித்த கூட்டுகளையும், இல்லாத வேகக் குறிகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஹார்ப்சிகார்ட்காரருக்குத் தனியாக எண் குறியிட்ட பாஸ் உள்ள பதிப்பு கட்டாயம் வேண்டும். புதிய ஆய்வுப் பதிப்புகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் தனி உரிமை இருக்கலாம், நிகழ்ச்சிக்கு முன் கேட்டுவிடுங்கள். பைசியெல்லோ 1781-இல் ரஷ்ய அரசவைக்காக இதே உரைக்குப் புதிய இசை அமைத்திருக்கிறார். தலைப்பு ஒன்றே என்பதால் பதிவு வாங்கும்போது பெயரைப் பாருங்கள். அவருடையதில் காற்றுக் கருவிகள் உண்டு, வழுவழுப்பு அதிகம், காரம் குறைவு.

யாருக்கு இது ஒத்துவராது? ஆறேழு குரல்கள் சேர்ந்து மோதும் நீண்ட இறுதிக் காட்சிதான் நகைச்சுவை ஓபராவின் சுகம் என்று நினைப்பவர்களுக்கு. இரண்டே குரலில் அது நடக்காது. அந்தச் சுகம் வெனிஸில் கொல்தோனி எழுதி கலுப்பி இசையமைத்த ‘இல் ஃபிலோசொஃபோ தி கம்பாஞ்ஞா’ போன்றவற்றில் தொடங்குகிறது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் மேடைக்கு இழுத்து ஆரவாரத்தில் முடிக்கும் அந்த விதியை, ‘ஃபிகாரோ’வுக்கு உரை எழுதிய தா பொந்தே தன் நினைவுக் குறிப்பில் கிண்டலாகவே விவரித்திருக்கிறார். அதன் சுத்தமான வடிவம் வேண்டுமென்றால் 1792-இல் வியன்னாவில் ஏறிய சிமரோஸாவின் ‘இல் மாத்ரிமோனியோ செக்ரேத்தோ’வுக்குப் போங்கள். ஆறு பாடகர்கள், முழு இசைக்குழு. செலவும் அதற்கேற்பக் கூடும்.

கடைசியாக, கடைசிப் பாட்டு. மூலத்தில் இருக்கும் இறுதி ஜோடிப் பாடல் ‘கொந்தெந்தோ து சராய்’. பிறகு அந்த இடத்தில் பெர்கோலெசியின் 1735 ஓபரா ‘இல் ஃப்ளமீனியோ’விலிருந்து ‘பெர் தே ஹோ இயோ நெல் கோரே’ என்ற ஜோடிப் பாடலைச் செருகும் வழக்கம் வந்தது. காதல் அவள் நெஞ்சில் சின்னச் சுத்தியலாகவும் அவர் நெஞ்சில் முரசாகவும் அடிக்க, திப்பித்தீ, தப்பத்தா என்று இருவரும் மாறி மாறிப் பாடுவது அது. கேட்டதும் அடையாளம் தெரியும். வரலாற்றுச் சுத்தம் வேண்டுமென்றால் முதலாவது, கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போக வேண்டுமென்றால் இரண்டாவது. ஒலிப்பதிவில் இரண்டும் இருந்தால் லாபம்தான். மேடையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடினால் முதல் பாட்டுக்குக் கைதட்டி எழுந்தவர்கள் மறுபடி உட்கார வேண்டியிருக்கும்.